ஓட்டிக் காட்டின டிராக்டர்

தக்காளி நடும் காலம் நெருங்க நெருங்கத் தோட்டக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. வாடகைக்கு உழுகிறவன் சொந்த மச்சினன்தான். ஊருக்கெல்லாம் உழுது முடித்து, மீந்த டீசலில் அக்கா வீட்டுக்கு வருவான். இந்த வருஷம் ஒரு சின்ன டிராக்டர் வாங்கியே தீருவது என்று அவர் முடிவு கட்டினார்.

மனைவி மறுக்கவில்லை. சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

"வேணாம்னு சொல்லேன் பார்க்கலாம்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? ஆனா படத்தைப் பார்த்து வாங்காதீங்க. கம்பெனிக்காரங்களை நம்ம மண்ணுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

நியாயமான பேச்சு. சிவப்பு டிராக்டர் வந்து தோட்டத்தில் பாதியை உழுது காட்டியது. அவர் சொக்கிப்போய், கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.

"சத்தம் காதைக் கிழிக்குது. நீலத்தையும் பார்த்துடலாம்," என்றாள் மனைவி.

நீலம் மிச்சப் பாதியை உழுதது. அது திரும்ப இடம் பத்தவில்லையாம். பச்சை வந்து கட்டியெல்லாம் உடைத்து மண்ணை மாவாக்கியது. அதில் சீட்டு உயரமாம். இவருக்குத் தலை வெடித்தது.

"டிராக்டர் பார்க்கிறியா, மாப்பிள்ளை பார்க்கிறியா? வர்றதையெல்லாம் நொட்டை சொல்லியே விரட்டுறே."

"மாப்பிள்ளையை இப்படிப் பார்க்காம விட்டுட்டேன். டிராக்டரையாவது ஒழுங்காப் பார்க்கிறேன்."

வெள்ளை வந்து வரிசையாகப் பாத்தி பிடித்துவிட்டுப் போனது. புகை ஜாஸ்தி என்றாள்.

ராத்திரி முழுக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். விடியும்போது கண்ணயர்ந்து, வெயிலேறி எழுந்ததும், "சிவப்பைத்தான் வாங்கப்போறேன். எவ தடுக்கிறான்னு பார்க்கிறேன்," என்று வீடதிரக் கத்தினார். தடுக்க வீட்டில் ஆளே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் பாய்ந்தார்.

அங்கே கூலிப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். பாதித் தோட்டம் நட்டு முடிந்திருந்தது.

"அடிப்பாவி, டிராக்டர் வாங்கி நான் எங்கேடி ஓட்டுறது?"

"கத்தாதீங்க, ஆளுங்க இருக்காங்க. உழவு முடிஞ்ச தோட்டத்துல டிராக்டருக்கு என்ன வேலை?"

"அப்போ டிராக்டர்?"

"இன்னும் மூணு கம்பெனி பாக்கி இருக்கு. அடுத்த வருஷம் வந்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கேன்."