ரப்பர் சட்டை போட்ட கேமரா

கீரிப்பாறை,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மருமகன் எபிசன் அவர்களுக்கு, மாமா ஜெபதாஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மாமியும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் மகள் ஜாஸ்மியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். நீங்கள் விட்டுப்போன கேமராவுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை.

பெட்டியில் எடை கூடிவிட்டதென்று, "கண்ணுபோல பாத்துக்கிடுங்க மாமா" என்று தந்துவிட்டுப் போனீர்கள். அப்படித்தான் பார்த்தேன். பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். பூஞ்சை பிடிக்குமென்று அரிசிப் பானைக்கு மாற்றினேன். எறும்பு வந்ததும் என் தலையணைக்கு அருகில் படுக்கவைத்தேன். வியாழக்கிழமை விடியலில் காற்றாட முற்றத்துக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால், மலையிலிருந்து மேகம் இறங்கி, ஒவ்வொரு ரப்பர் மரமாக விசாரித்துக்கொண்டு நம் வீட்டைப் பார்த்து வருகிறது. மேகம் என்னிடம் வந்ததா, நான் மேகத்துக்குள் போனேனா தெரியல்ல, உடம்பே இல்லாத மாதிரி ஒரு சுகம், கையில் ஏதோ பிடித்திருக்கிறோம் என்பதே மறந்துபோச்சு. கேமராவைக் கை விட்டுட்டுது. பாறையில் விழுந்து, டிக் டிக்கென்று படமெடுத்துக்கொண்டே உருண்டு போகுது. இரண்டு கையிலும் காப்பித் தம்ளரோடு வந்த உங்கள் மாமி சிரிக்கிறது காதில் விழுந்தது. நான் கேமராவைத் துரத்திக்கொண்டு ஓடினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி விழுந்தாலும் உடையக்கூடாதே என்று, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே ரப்பர் பால் ஊற்றிக் காயவைத்தேன். முப்பத்தைந்து வருஷ எஸ்டேட் வேலையில் எனக்குத் தெரிந்த வித்தை அதுதான். ஐந்து பூச்சு. இப்போது மாடியிலிருந்து போட்டாலும் எம்பிக் குதிக்கும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுதான் தெரியவில்லை. உங்கள் மாமி தட்டிப் பார்த்து, "இது கேமராவா, கொழுக்கட்டையா? மருமவனுக்கு நீங்களாக்கும் பதில் சொல்லணும்" என்றாள்.

சொல்லிவிட்டேன். லீவு முடிந்து திங்கட்கிழமை மஸ்கட் வரும் பக்கத்து வீட்டு ஷைஜுவிடம் அப்படியே கொடுத்தனுப்புகிறேன். கெட்டிருந்தால் மன்னியுங்கள். என்னால் என் மகள் உங்களிடம் பேச்சு கேட்கக்கூடாதே என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தர் உங்கள் இருவரையும், உங்கள் கையில் இருப்பதையும் கீழே விழாமல் தாங்குவாராக.

அன்பு மாமா,
ஜெபதாஸ்.

பின்குறிப்பு: ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதுவது. ரப்பர் உருண்டையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று ஷைஜு சொல்லிவிட்டான். அவன் போனதும் ரப்பர் பால்வெட்டும் கத்தியால் தோலை உரித்தேன். கேமரா பிழைத்துக்கிடக்கிறது. எதையோ அமுக்கினேன், விழும்போது எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேகம், சருகு, தலைகீழாக மலை, என் கால் பெருவிரல். கடைசியில் உங்கள் மாமி. கல்யாணமான நாற்பது வருஷமும் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறவள். அன்று இரண்டு கையிலும் தம்ளர். மேகத்துக்கு நடுவே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவளிடம் காட்டவில்லை, அழிக்கச் சொல்லிவிடுவாள். படத்தை வெளியே எடுக்கும் வழி எனக்குத் தெரியாது. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். ஷைஜு இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுவருவான். கேமரா கெட்டுப்போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.