கெட்டிமேளம் இல்லாத கோல்

நம் ஆட்களிடம் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினால் யாரும் தாலி கட்டுவதைப் பார்ப்பதில்லை. தங்கள் முகம் எங்கே வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். வரவில்லையென்றால் வீடியோ சரியில்லை. இந்த உண்மை ஆக்லாந்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. வாரநாளில் ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறுகளில் தமிழர் வீட்டு விசேஷங்களுக்கு நான்தான் கேமரா. பொங்கல் விழா, அரங்கேற்றம், வளைகாப்பு, காதுகுத்து, எதையும் விட்டதில்லை. (பாதிக்குப் பாதி யாரும் கூப்பிட்டதில்லை, நானாகப் போய் நிற்பேன்.) அந்தத் திமிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கியது. என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பிலும் கை வைத்துவிட்டேன்.

அவள் பெயர் அபெனா. கானா நாட்டில் குமாசிக்காரி. லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இரண்டு வருடம் குடியிருந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் செருப்பில்லாமல் ஆட ஆரம்பித்து, நாட்டின் இளையோர் அணிவரை போய், முழங்கால் பிசகி ஒரு வருடம் வீட்டில் கிடந்து, மறுபடி எழுந்து, எங்கள் பக்கத்து கிளப் ஒன்றுக்கு ஆட வந்தவள். மிட்ஃபீல்டர். அதாவது, கோல் போடுகிறவர்களுக்கும் கோலைத் தடுக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு தரப்புக்கும் மாடாய் உழைத்து, பெயர் வாங்காமல் வீட்டுக்கு வரும் ஆள். இதை அவள் விளக்கியதும் என் மனைவி கீதா, "நம்ம வீட்ல நான் ஆடுறதும் அதேதான்" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி. எட்டு வயது மகள் தாரிணியோ அபெனாவின் வால். இருவரும் பந்து உதைத்து உதைத்துக் கீதாவின் ரோஜாத்தொட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சீசன் முடிய ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தபோது ஐரோப்பாவில் ஒரு கிளப்பிலிருந்து அபெனாவுக்குக் கடிதம் வந்தது. அண்மையில் ஆடிய முழு ஆட்டம் ஒன்றின் வீடியோவை அனுப்ப வேண்டும், கெடு திங்கட்கிழமை. சமையலறையில் நின்றபடி அவள் சொன்னாள், "முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு தெரியாது அண்ணா. இது போனா இன்னொண்ணு வருமான்னும் தெரியாது." (ஆங்கிலத்தில்தான் சொன்னாள். 'அண்ணா' மட்டும் கீதா சொல்லிக் கொடுத்தது.) வழக்கமாக ஆட்டத்தைப் படம் எடுக்கும் பெண்மணி காய்ச்சலில் படுத்துவிட்டார் என்றும், இனி யாரைப் பிடிப்பது என்றும் தலையில் கை வைத்தாள்.

நான் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"நான் இருக்கேன்ல?"

கீதா அவசரமாக, "ஏங்க, அது கல்யாணம் இல்லைங்க" என்றாள். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அபெனா எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "பந்துக்குப் பின்னாடி போகாதீங்க. என் பின்னாடி வாங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி நான் எங்க போய் நிக்கிறேன்னுதான் அவங்க பார்ப்பாங்க." நான் சிரித்தேன். "நீதான் கல்யாணப்பொண்ணு. பொண்ணை விட்டு கேமரா நகருமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மைதானம் காலியாக இருந்தால் ஐரோப்பாக்காரன் என்ன நினைப்பான் என்று எனக்கு ஒரு கவலை. தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டேன். நான் கூப்பிட்டதாலா, அபெனா அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பந்து சொல்லிக் கொடுத்ததாலா தெரியாது, ஞாயிறு மத்தியானம் அந்தக் குளிரிலும் காற்றிலும் இருபது குடும்பங்கள் வந்து இறங்கின. மடக்கு நாற்காலி, கம்பளி, பிளாஸ்கில் டீ, டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம். எதிரணிக்காரர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

முன்வரிசையில் ராசநாயகம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துத் தெரு. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இண்டைக்காவது என்னை எடுப்பீரோ? போன முறை கலைவிழா வீடியோவில என்ர முகம் ஒரு இடத்திலயும் வரேல்லை. மனுசி இன்னும் அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறா."

"கண்டிப்பா அண்ணே" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், என்ன செய்ய?

முதல் பாதியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடியது. பந்தை விட மனசு வரவில்லை. அபெனா அவ்வப்போது ஒரு காலாகவோ ஒரு முழங்கையாகவோ படத்துக்குள் வந்து போனாள். இடைவேளையில் கீதா வந்து, "அவளை எடுக்கிறீங்களா, இல்லையா?" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது.)

இரண்டாம் பாதியில் கொஞ்ச நேரம் ஒழுங்காக அவளைத் தொடர்ந்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து நடுவிலேயே உருண்டுகொண்டிருந்தது. வந்தவர்களை எடுத்து முடிக்க இதுதான் நேரம் என்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு முகத்துக்கு மூன்று விநாடி, அது என் கணக்கு. கேமரா நெருங்க நெருங்க அம்மாக்கள் சால்வையைச் சரிசெய்தார்கள். அப்பாக்கள் தொந்தியை உள்ளே இழுத்தார்கள். வாயில் சாதம் வைத்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ராசநாயகம் அண்ணையிடம் வந்தபோது அவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றி, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினார். பெரிய மனிதர், காத்திருந்தேன்.

திடீரென்று அவர் சீப்பு பாதித் தலையில் நின்றது. கண்கள் என்னைத் தாண்டிப் போயின. பின்வரிசையில் ஒவ்வொரு வாயாகத் திறந்தது. யாரோ பிளாஸ்கைக் கைநழுவ விட்டார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்தியது. அடடா, எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது என்று பூரித்துப்போய் இன்னும் நெருக்கத்தில் எடுத்தேன்.

கல்யாணத்தில் ஒரு வசதி உண்டு. ஐயர் விரலை ஆட்டுவார், கெட்டிமேளம் கொட்டும், டீ குடிக்கப் போன கேமராக்காரன்கூட ஓடி வந்துவிடுவான். கால்பந்தில் அந்த ஏற்பாடு இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. நடுக்கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கமிருந்து அபெனா அடித்ததாம். அந்த சீசனில் அவள் போட்ட ஒரே கோல். தன் கூட்டாளிகளை உதறிவிட்டு என்னை நோக்கி ஓடிவந்து, இரண்டு கைகளாலும் கேமராவைச் சுட்டிக் காட்டிச் சிரித்தாள். 'எடுத்துட்டீங்களா?' என்று அர்த்தம்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். (இந்தக் கட்டைவிரலுக்காக மேலே எனக்குத் தனி விசாரணை உண்டு.)

சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் போட்டோம். அந்த இடம் வந்தது. தொந்தி, சால்வை, சாதம், சீப்பு, திறந்த வாய்கள், ஆரவாரம். தாரிணி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, வேர் இஸ் த கோல்?"

அபெனா ஒருமுறை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை மெதுவாக வைத்தாள். "எல்லாரும் ரொம்பத் தெளிவா விழுந்திருக்காங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்தப் பொண்ணு" என்றாள் கீதா. பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்க டீயோடு அவள் அறைக்குப் போனேன். இருந்ததை வைத்து ஏதோ வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். போன் திரையில் அவள் அம்மா இருந்தார். அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு. அந்த அம்மாவுக்கும் வீடியோவை அனுப்பியிருந்தாள். அவர் ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் குல்லாக்காரர் யார்? இந்தப் பச்சைச் சால்வை? இவர்கள் எல்லாம் உனக்காகவா வந்தார்கள்? அபெனா தங்கள் மொழியில் பதில் சொல்லிச் சொல்லி, எனக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். இத்தனை வருடமாக மகளின் ஆட்டம் எவ்வளவோ பார்த்திருக்கிறாராம். பச்சைத் தரையில் தூரத்தில் ஓடுகிற ஒரு சின்ன உருவம். கரையில் யார் நிற்கிறார்கள் என்பதை எவரும் காட்டியதில்லையாம். சொல்லிக்கொண்டே அந்த அம்மா தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தார். எனக்கு டீயை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

ஐரோப்பாக்காரர்கள் இரண்டு வாரத்தில் பதில் எழுதினார்கள்: 'உங்கள் ஆட்டம் போதுமான அளவுக்குத் தெரியவில்லை.' என் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. இங்கே கிளப் இன்னொரு வருடம் வைத்துக்கொண்டதால் பிழைத்தாள். மறு சீசனில், காய்ச்சல் தெளிந்த பெண்மணி எடுத்த வீடியோவைப் பார்த்து வேறொரு கிளப் கூப்பிட்டது. மூன்று சீசன் ஆடினாள். பிறகு முழங்கால் போதும் என்றது. இப்போது குமாசியில் பெண்பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த ஒரு வருடத்தை நான் தின்றுவிட்டதாக ஒருநாளும் அவள் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பால் வாங்க டெய்ரிக்கு, அதாவது தெருமுனைக் கடைக்கு, போன நான் பிரெட்டோடு திரும்பினாலும், பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாலும், கீதாவும் தாரிணியும் ஒரே குரலில் கேட்பது, "வேர் இஸ் த கோல்?"

போன மாதம் அபெனா கூப்பிட்டாள். அவளிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள், நடுக்கோட்டிலிருந்து கோல் போட்ட கதையை நம்பவில்லையாம். கேலி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா எழுந்து போய் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, எழுந்து நிற்கிற எங்கள் கூட்டத்தை ஒவ்வொருவராக விரலால் தொட்டுச் சொன்னாராம்: "இத்தனை பேர் இந்தக் குளிரில் சும்மா எழுந்து நிற்பார்களா? கோலைத்தான் பார்க்கிறார்கள். நன்றாகப் பாருங்கள்."