மஞ்சள் புள்ளி வைத்த டயர்கள்

எங்கள் கம்பெனிக்கு வேன் விடும் கான்ட்ராக்டர் ஒரு பொய்யர். பெயரைப் போடவில்லை, படித்தால் அவருக்கே தெரியும். கிறுக்கன் என்று சொல்லி அவர் வேனை விட்டு இறக்கிய ஆள்தான், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை அந்த நெடுஞ்சாலையில் போகிறவர்களிலேயே புத்தி சரியாக இருந்த ஒரே ஆள்.

இறக்கப்பட்ட அந்த ஆளை நாங்கள் எஃப்.சி. என்போம். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்போதோ ஒரு தடவை பார்த்துக் கொடுக்கும் சான்றுக்குப் பெயர் எஃப்.சி. இவர் தினமும் காலையில் பார்ப்பார்.

மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் பதினான்கு பேர் ஏறுவோம். குருபரப்பள்ளிப் பக்கம் ஃபேக்டரி. வேன் வந்ததும் நாங்கள் சீட்டுக்கு அடித்துக்கொள்வோம். அவர் வேனுக்குப் பின்னால் போய் நிற்பார்.

"மாதேசு, பிரேக்க அழுத்து."

டிரைவர் மாதேசு அழுத்துவான்.

"விடு. லெப்ட் இண்டிகேட்டர். ரைட்டு. வைப்பர் போடு."

"மழையே இல்லியேண்ணா."

"மழ வந்தப்புறம் வைப்பர் வாங்கப் போவியா?"

மாதேசு கன்னடத்தில் ஏதோ முணுமுணுப்பான். அவர் அதே கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு டயர் பக்கம் குனிவார்.

கிறுக்கு இல்லாமல் இல்லை. பின் சீட்டில் பெல்ட் கிடையாது என்று பழைய வேட்டி ஒன்றை முறுக்கித் தன்னைச் சீட்டோடு கட்டிக்கொள்வார். முடிச்சு இறுகிப்போனால் அடியில் நழுவி வெளியே வருவார். வேட்டி சீட்டிலேயே கிடக்கும். கேன்டீனில் திரும்பும்போதுகூடக் கை காட்டித்தான் திரும்புவார். அந்தக் கை ஒருநாள் மேனேஜரின் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. "நான் சிக்னல் குடுத்தேன் சார், நீங்கதான் கேப் விடல" என்றார்.

வேனின் முதலுதவிப் பெட்டியை ஒருநாள் திறந்தார். சீப்பு, பவுடர் டப்பா, ஊதுபத்தி. "ஏம்ப்பா, அடிபட்டா தல சீவி விடுவியா?"

இதையெல்லாம் பொறுத்த கான்ட்ராக்டருக்கு ஒன்றுதான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் எஃப்.சி.க்குப் போகும் வண்டிக்கு நல்ல டயர் இரவல் வரும், தீயணைக்கும் சிலிண்டர் இரவல் வரும், கல்யாணத்துக்கு இரவல் நகை போடுகிற மாதிரி. சான்று கையில் கிடைத்ததும் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவார்கள். எங்கள் வேன் எஃப்.சி. முடிந்து, நேராக எங்களை ஏற்ற வந்தது. அப்போதே எங்கள் எஃப்.சி. அண்ணன் நான்கு டயரிலும் மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டார். மறுநாள் காலை புள்ளி இல்லை. டயர் எங்கள் மேனேஜர் தலை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

எஃப்.சி. அண்ணன் போய் வேனை மறித்து நின்றார். கான்ட்ராக்டரே காரில் வந்து இறங்கினார்.

"நீ என்னா ஆர்.டி.ஓ.வா?"

"இல்லீங்க. பின் சீட்டு."

"கவர்மெண்டே எஃப்.சி. குடுத்துருச்சுய்யா."

"அது அந்த டயருக்குக் குடுத்தது. அது வேற எங்கியோ ஓடுது. நாங்க இதுல போறோம்."

அன்று எல்லோருக்கும் லேட் மார்க் விழுந்தது. அவரை வேனை விட்டு எடுக்கச் சொல்லி மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது.

அவர் மொபெட்டில் வர ஆரம்பித்தார். ஹெல்மெட், மினுங்கும் பச்சைக் கோட்டு, இடது ஓரம், நாற்பது வேகம். தாண்டும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவோம். அவர் கை காட்டி எங்களுக்கு வழி விடுவார்.

சூளகிரி தாண்டி, ஒரு மழைக் காலையில், மாதேசு பிரேக் அடித்தான். வேன் நிற்கவில்லை. வழுக்கிச் சுற்றி நடுத்தடுப்பில் மோதியது. யாரும் சாகவில்லை. என் நெற்றி பிளந்தது. மாதேசு பதறிப்போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, அதில் இருந்த பவுடரை என் நெற்றியில் கொட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மொபெட் வந்தது. எஃப்.சி. இறங்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தோடு வந்த வழியே திரும்பி நடந்தார். அடி எண்ணிக்கொண்டே போகிறார்.

"அண்ணா, ரத்தம் வருதுண்ணா."

"வரட்டும். பின்னாடி லாரி வருது. எல்லாரும் ரோட்ட விட்டு எறங்குங்க."

லாரி முக்கோணத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனது. அப்புறம்தான் பஞ்சோடு என்னிடம் வந்தார். பவுடரைத் துடைத்தபடி, "பொண்ணு பாக்கவா கெளம்பின?" என்றார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டயர் நல்ல டயர், மழைதான் காரணம் என்று கான்ட்ராக்டர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கான்ட்ராக்டர் ஐயா, மஞ்சள் புள்ளி வைத்த அந்த நான்கு டயரும் இன்று எந்த வேனில் ஓடுகின்றன? எஃப்.சி. பெயரை வேன் லிஸ்டில் எப்போது திரும்பச் சேர்ப்பீர்கள்? என்னிடம் தனியாகப் பேச ஆள் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.

மனுவை நாங்கள் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டோம். பின் சீட்டில் அவர் வேட்டி இன்னும் முடிச்சோடு கிடக்கிறது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை.