கனத்த குரல் மாப்பிள்ளை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலை என் காப்பியில் உப்பு விழட்டும்.

ஜாபேஸுக்கு ஆறடி உயரம். குரல் மட்டும் அணில் குரல். பெண் வீட்டார் போன் செய்தால், இவன் "ஹலோ" சொன்னதுமே, "அப்பாவக் கூப்பிடு பாப்பா" என்பார்கள். சம்பந்தம் அத்தோடு முறியும். இந்த நிலையில்தான் திசையன்விளை அப்பாத்துரை வாத்தியாரின் மகள் லில்லியின் போட்டோ வந்தது. ஜாபேஸ் அன்றே முடிவு செய்துவிட்டான்: கட்டினால் இவளைத்தான்.

அவனுக்குத் துணைமின் நிலையத்தில் வேலை. வழி சொன்னவன், கூட வேலை பார்க்கும் அகமது மீரான்.

"பறக்குத பலூன் கேஸ்ல சத்தம் ஓட்டமா ஓடும்வே. அத இழுத்துட்டுப் பேசினா கீச்சுன்னு வரும். நம்ம கரண்ட் பிரேக்கர்ல அடைக்குத கேஸு கனம். அதுல சத்தம் பைய நடக்கும். குரல் இடி மாதிரி வரும்."

ஜாபேஸ் அந்தக் கேஸை ஒரு பலூன் நிறையப் பிடித்தான். இழுத்தான். போன் போட்டான்.

"மாமா, சௌக்கியமா இருக்கியளா?"

இடிதான். ஆனால் ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்தான் நின்றது. உடனே வைத்துவிட்டான்.

"அளந்து பேசுத பையன்!" என்று அப்பாத்துரை சொக்கிப்போனார்.

மறுநாள் லில்லியே பேசினாள். குருவிக் குரல். அவளும் ஒரு வாக்கியத்தோடு வைத்துவிட்டாள். என்ன அடக்கம் என்று இவன் உருகினான்.

ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். பையில் இரண்டு பலூன்களோடு போனான். பஸ்ஸில் அந்தப் பை மடியில் அம்மிக்கல்லாகக் கனத்தது.

போனதும் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். அப்பாத்துரை விடவில்லை.

"மாப்பிள்ளை ஒரு ஜெபம் பண்ணட்டும்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஜாபேஸின் கை பைக்குள் போனது.

"பரலோகப் பிதாவே!"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வாக்கியத்துக்கு ஓர் இழுப்பு. முடிக்கப் போகிற நேரத்தில் மாமனார் மூடிய கண்ணோடு சொன்னார்: "அப்படியே அத்தை முழங்கால் வலிக்கும் ஒரு வார்த்தை..."

இழுத்தான்.

"முருங்கைக்கு நல்ல விலைக்கும்..."

பலூன் இரண்டும் சுருங்கிவிட்டன. "ஆமென்" கீச்சென்று வந்தது.

"இப்ப ஆமென் சொன்ன பிள்ள யாரு?"

எல்லாரும் கண் திறந்தார்கள். மாப்பிள்ளையின் வாயில் பலூன்.

ஜாபேஸ் எழுந்து நின்றான். "நாந்தான் மாமா. இதுதான் எங் குரல். மத்ததெல்லாம் கேஸு. ஆனா லில்லிய நான் விடுததா இல்ல. அவளே வேண்டாம்னு சொல்லட்டும், போயிருதேன்."

அடுக்களை வாசலில் லில்லி வந்து நின்றாள். வாய் திறந்தாள். ஜன்னல் கம்பி மறுபடி அதிர்ந்தது.

"எனக்குச் சம்மதம். எம் பறக்குத பலூனும் தீந்துட்டு."