பாயிண்ட் டு பாயிண்ட் எழுதிய முடிவுரை

பூமிக்கும் எங்கள் விடுதியில் இருந்த பாயிண்ட் டு பாயிண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஒரு விநாடிகூட நின்றதாகச் சரித்திரம் கிடையாது. வேற்றுமை என்னவென்றால், பூமி யார் காலையும் மிதிக்காமல் சுற்றும்.

சிதம்பரத்தில் நான் எம்.ஏ. இலக்கியம் படித்தபோது இவள்தான் என் அறைத்தோழி. ஊர் லால்பேட்டை. பெற்றவர்கள் அழகான பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், கடைசி எழுத்து வாயிலிருந்து வருவதற்குள் அவள் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போயிருப்பாள். ஏதாவது பேச வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும். ஒருநாள் விடுதி வார்டன் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக அவள் பின்னாலேயே வராந்தா முழுக்க அலைந்து, மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நீ என்னா கடலூர் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸா? நடுவுல எங்கயும் நிக்கவே மாட்டியா?"

இடையில் எந்த ஊரிலும் நிற்காமல் போகும் பேருந்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அன்றோடு அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவசரத்துக்குக் கூப்பிட ‘பாயிண்ட்’.

பல் துலக்க ஆரம்பிப்பது எங்கள் அறையில்; வாய் கொப்பளிப்பது மாடியில் வேறு யாருடைய குழாயிலோ. தட்டை ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுவாள். சாம்பார் சிந்திய வழியே போனால் அவளைப் பிடித்துவிடலாம். "பரீட்சை ஹால்ல மட்டும் எப்படிடி உக்காந்த?" என்று கேட்டேன். "எங்க உக்காந்தேன்? அடிஷனல் ஷீட் கேக்கறேன்னு எழுந்து எழுந்து நின்னேன்" என்றாள். அவள் வாங்கிக் குவித்த தாள்களைப் பார்த்துவிட்டு அந்த ஹாலில் பாதிப் பேர் நம்பிக்கை இழந்தார்கள். எல்லாம் வெறும் தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

யோசிக்க வேண்டுமென்றால் தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றிவிட்டு வருவாள். தினமும் தலையில் முக்காடோடு ஒரு பெண் கோயிலை வலம் வந்தால் பூக்காரம்மாவுக்கு என்னதான் தோன்றும்? ஒரு சாயங்காலம் வழிமறித்தே கேட்டுவிட்டார்.

"என்னா வேண்டுதல் கண்ணு?"

"அசைன்மெண்ட்டுக்குக்கா!" என்று சொல்லிக்கொண்டே பாயிண்ட் மூலையில் திரும்பிவிட்டாள். "நல்லபடியா நடக்கும்மா" என்று பூக்காரம்மா என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்தார். அவளைத் துரத்திக்கொண்டு போன நான்தான் கையில் அகப்பட்டேன்.

இப்படிப்பட்ட பிறவியோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டிய தலையெழுத்து எனக்கு வந்தது. ஒப்பிலக்கியப் பாடம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு கதைகளும் ஒரு கருப்பொருளும் கொடுத்தார் மேடம். எங்களுக்கு வந்தது என்ன கருப்பொருள் தெரியுமா? ‘காத்திருத்தல்’. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

ஒரு கதையில், கடலுக்குப் போன கணவனுக்காகப் படகுத்துறையில் ஒரு பெண் காத்திருக்கிறாள். இன்னொன்று மொழிபெயர்ப்பு, பனி பெய்யும் ஊரில் ஒரு கிழவர் மகனுக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார். பாயிண்டுக்கு இரண்டு பேர் மேலும் கோபம். "எழுந்து போய்த் தேடியிருக்கலாம் இல்ல? ரெண்டு பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும்!" அந்தக் கோபத்தோடு அவள் எழுதித் தந்த முதல் வரைவு இதுதான்: "ஒற்றுமை: இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வேற்றுமை: ஒருவருக்குக் குளிர்கிறது."

மேடம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி ரெண்டு பக்கம் கோடு போட்டுப் பிரிக்கறதுக்கா எம்.ஏ.? ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, தனித்தனியா படிச்சப்போ தெரியாத ஒண்ணு தெரியணும். அது என்னான்னு முடிவுரையில சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. இதுவும் வரலைன்னா, பாயிண்ட், நீ அடுத்த வருஷம் வந்து மறுபடி உக்காரணும்." ஆமாம், மேடமும் அவளை பாயிண்ட் என்றுதான் கூப்பிட்டார்.

ஏற்கெனவே இரண்டு கட்டுரைகளை அவள் கொடுக்கவே இல்லை. "எழுதிட்டேன் மேடம், மனசுல" என்று சொன்னவள். வருஷம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அவள் அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் இருந்தார். இவள் குழந்தையாக இருந்தபோது போனவர். எப்போதாவது லீவில் வருவார், பெட்டி காலியாவதற்குள் கிளம்பிவிடுவார். "நீ படிச்சு முடிம்மா, அந்த வருஷமே மொத்தமா வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். படிப்பு ஒரு வருஷம் தள்ளினால் அத்தாவும் ஒரு வருஷம் தள்ளுவார். லால்பேட்டையில் அவள் அம்மா இன்னும் ஒரு வருஷம் தனியாக இருக்க வேண்டும்.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது சிதம்பரம் பக்கம் வந்தால் இடியாப்பமும் கறியும் கட்டிக் கொடுத்துவிடுவார். மகள் நடந்துகொண்டே நாலு வாய் சாப்பிடுவாள்; மிச்சமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்ட என் உடம்பில்தான் சேர்ந்தது. அதனால் எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பொறுமை போய்க் கத்திவிட்டேன். "ஏண்டி, ஒரு மணி நேரம் உக்காந்தா குறைஞ்சா போயிடுவ?"

அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தபடியே சொன்னாள். "எங்க வீட்ல எல்லாரும் உக்காந்தே இருந்தாங்கடி. போன் வருமான்னு அம்மா உக்காந்திருக்கும். பக்கத்துல நான். வெளையாடப் போனா அந்நேரம் பார்த்து அத்தா கூப்ட்டுடுவாங்கன்னு என்னையும் விடாது. அங்கயே எல்லாத்துக்கும் சேத்து உக்காந்துட்டேன். இனிமே முடியாது."

அதற்கு மேல் என்ன கத்துவது? யோசித்தேன். நகராவிட்டால் இவளுக்கு மூளை ஓடாது. உட்காராவிட்டால் கட்டுரை ஓடாது. உட்கார்ந்துகொண்டே நகர்வதற்குப் பேருந்துதான் ஒரே வழி.

வெள்ளிக்கிழமை காலை கடலூர் பாயிண்ட் டு பாயிண்டில் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அட்டையும் தாளுமாக நான். வண்டி கிளம்பியதுதான் தாமதம், பாயிண்ட் மடை திறந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பள்ளம் வந்த இடங்களில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. கடலூர் போய்ச் சேருவதற்குள் படகுத்துறைக் கதை முடிந்தது. சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும் வண்டியில் கிழவரைப் பிடித்துக்கொண்டோம். முன் சீட்டுக்காரர் திரும்பி, "அந்தப் பையன் கடைசியில வந்தானாம்மா இல்லியா?" என்று கேட்குமளவுக்கு அருமையாகச் சொன்னாள். முடிவுரை மட்டும்தான் பாக்கி.

அப்போது வண்டி நின்றது. ரயில்வே கேட்.

பாயிண்டின் முகம் மாறிவிட்டது. "என்னாடி நின்னுட்டான்?" கால் ஆட ஆரம்பித்தது. "காத்து வாங்கிட்டு வரேன்" என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். போன், பை எல்லாம் என் மடியில். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டிகளுக்கு நடுவே வேர்க்கடலைக்காரம்மாவிடம் நின்றாள். பிறகு ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. வண்டி பாய்ந்தது.

"கண்டக்டர் சார், நிறுத்துங்க! ஒரு பொண்ணு கீழ நிக்குது!"

"பாயிண்ட் டு பாயிண்ட்மா. நடுவுல நிக்காது."

"இப்ப நின்னுச்சே சார்?"

"அது கேட் நிறுத்துச்சு. நாங்களா நிறுத்துனோம்? பின்னாடி வண்டி வரிசையப் பாரு, இங்க நிறுத்துனா அடிக்க வருவானுங்க."

பின் கண்ணாடியில் பார்த்தால், கையில் தாளை ஆட்டிக்கொண்டு பாயிண்ட் ஓடி வருகிறாள். நல்ல வேகம்தான். ஆனாலும் வண்டி வண்டிதானே.

மேடம் அறைக்குள் நான் நுழைந்தபோது அவர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். கட்டுரையை நீட்டினேன். பக்கங்களைப் புரட்டினார்.

"முடிவுரை எங்கம்மா?"

"ரயில்வே கேட்ல மேடம்."

நடந்ததைச் சொன்னேன். மேடம் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "காத்திருத்தல் பத்தி எழுதச் சொன்னா என்னைய காத்திருக்க வைக்கிறீங்களா?"

"அஞ்சு நிமிஷம் மேடம். வருஷம் போச்சுன்னா அவ அத்தா வர மாட்டாரு மேடம்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டியது. மேடம் கைப்பையைக் கழற்றி மேஜையில் வைத்தார். எங்கள் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார். ஐந்து மணி ஆயிற்று, தாண்டியும் போயிற்று. நான் என்ன செய்தேன்? அவர் அறைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன். "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மேடம்.

கடைசியில் ஒரு மொபெட் சத்தம். முன்னால் மீன்காரர், நடுவே மீன்கூடை, பின்னால் கூடையைக் கட்டிப்பிடித்தபடி பாயிண்ட். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, தடுமாறி, என் தோளைப் பிடித்து நின்றாள். உள்ளே ஓடி, ஈரமாகிச் செதில் ஒட்டியிருந்த தாளை மேடத்திடம் நீட்டினாள். மேடம் அதை விரல் நுனியில் பிடித்துச் சத்தமாகவே படித்தார்.

"ரயில்வே கேட்டில் யாரும் சும்மா நிற்கவில்லை. ஒரு பெண் கடலை உரிக்கிறாள். ஒருவர் வண்டியைத் துடைக்கிறார். படகுத்துறைப் பெண் வலை பின்னுவதையும், கிழவர் பிளாட்பாரத்தைப் பெருக்குவதையும் தனித்தனியாகப் படித்தபோது நான் கவனிக்கவில்லை. சேர்த்து வைத்தால்தான் தெரிகிறது, காத்திருப்பது சும்மா இருப்பது இல்லை. அது ஒரு வேலை. போன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எங்கள் அம்மா தெருவுக்கே துணி தைத்தார், என்னை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். எங்கள் அம்மா ஒருநாளும் சும்மா உட்கார்ந்தது இல்லை."

 மேடம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுன கட்டுரை. ‘எங்கள் அம்மா’ன்னா? ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாவா?"

"ஆமா மேடம்" என்றேன் நான். அத்தனை இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு வேறு என்ன சொல்வது?

மேடம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்து, "சங்கரா மீனா?" என்றார்.

அவள் தேறினாள். அத்தா சொன்னபடி அந்த வருஷமே வந்துவிட்டார். பார்க்கப் போயிருந்தேன். மனிதர் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே! கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் என்னை வரவேற்றார். இந்த நடை யாரிடமிருந்து வந்த சொத்து என்று அப்போதுதான் புரிந்தது. "ஒண்ண மேய்க்கறதே ஜாஸ்தி, இப்ப ரெண்டு" என்று அம்மா அலுத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இப்போது பாயிண்ட் ஒரு கல்லூரியில் ஒப்பிலக்கியம் நடத்துகிறாள், நடந்துகொண்டேதான் நடத்துகிறாள். இன்றைக்கு என்னைப் பார்க்கக் கடலூர் வருகிறாள். "அஞ்சே நிமிஷம்டி, வந்துட்டே இருக்கேன்" என்று எப்போதோ சொன்னாள். பேருந்து நிலையத்தில் நின்றபடி நான் இந்தக் கட்டுரை முழுவதையும் போனில் எழுதி முடித்துவிட்டேன், அவளைக் காணோம். வீட்டுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் வண்டி நிற்பதற்கு முன்பே குதிப்பாள். பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டாமா?