அப்செட் சார் ஒரே ஒருமுறை சரியாகச் சொன்னார்

பெங்களூரில் எந்த அணி தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் எங்கள் அப்செட் சாரைக் கேட்டால் போதும். அவர் எந்த அணி ஜெயிக்கும் என்கிறாரோ, அதுதான்.

தொண்ணூறுகளில் பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். முடியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே மனிதர் கூடைப்பந்து என்று வந்தால் அளவுகோலைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

பிரேசர் டவுன் பக்கம் ஒரு மைதானத்தில் வருடாவருடம் கல்லூரிகளுக்கான போட்டி நடக்கும். எங்களில் பலர் அந்தப் பக்கத்து ஆட்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேரே மைதானம்தான். வரைபடப் பிரிவில் இருந்த மஞ்சுநாத், கல்லூரி நாட்களில் ஆடியவன், கன்னடம் கலந்து தமிழ் பேசுகிறவன், இதற்காக ஒரு பந்தயம் வைத்தான். யார் யாரோடு மோதுகிறார்கள் என்று கிளைகிளையாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுவான். அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று காலையிலேயே நாங்கள் எழுத வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் சேர்ந்து பிரியாணி விருந்து.

அப்செட் சார் எப்போதும் நோஞ்சான் அணியைத்தான் எழுதுவார். பலசாலி மண்ணைக் கவ்வுவதற்கு அப்செட் என்று பெயர், அது இன்று நடக்கும் என்பார். காரணமும் வைத்திருப்பார். கோச்சிடம் திட்டு வாங்கிய பையன்கள் ரோஷத்தோடு ஆடுவார்கள். உயரமான ஆளுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் பந்தைப் பகிர்ந்து ஆடுவார்கள். ஒருமுறை அவர் சொன்ன அணியின் வேன் வழியிலேயே நின்றுவிட, ஆடாமலே தோற்றார்கள். மறுநாள் நாங்கள் சிரித்தபோது, வந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்றார், கொஞ்சமும் அசராமல்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். “பெரிய டீமை எல்லாரும் எழுதிடறீங்க. பாவம், இவங்களுக்கு யாருப்பா இருக்கா?” என்றார்.

அவருடைய மகள் ஸ்டெல்லா ஒரு கல்லூரியில் சேர்ந்து அணியிலும் இடம் பிடித்தாள். பெண்கள் பிரிவிலேயே சோப்ளாங்கி அணி அது. முதல் ஆட்டத்தன்று அவர் என்ன எழுதுவார் என்று பார்க்கவே நாங்கள் சீக்கிரம் வந்தோம். அவர் எதிரணியின் பெயரை எழுதினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சுநாத் அவர் முகத்தையே பார்த்தான். அவர் யாரையும் பார்க்காமல் போய்விட்டார். சாயங்காலம் ஸ்டெல்லாவின் அணி ஜெயித்தது.

அடுத்த ஆட்டத்துக்கும் எதிரணியையே எழுதினார். அதிலும் மகள் ஜெயித்தாள். அரையிறுதியிலும் அப்படியே. கடைசி நிமிடத்தில் ஸ்டெல்லா போட்ட பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்செட் சார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் யாரை எழுதினாலும் தோக்குது. அதான் அவளுக்கு எதிரா எழுதறேன். யாருகிட்டயும் சொல்லிடாதப்பா.”

இறுதி ஆட்டத்தன்றும் எதிரணியைத்தான் எழுதினார். எழுதும்போது உதடு முணுமுணுத்தது, ஜெபமாக இருக்கலாம். அன்று ஸ்டெல்லாவின் அணி தோற்றது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அப்செட் சார் சொன்னது பலித்தது.

விஷயம் தெரியாத மஞ்சுநாத் ஓடிவந்து அவர் கையைக் குலுக்கினான். “என்ன குரு, கடைசில கரெக்டா சொல்லிட்டீங்களே!” வியர்வை வழிய ஸ்டெல்லா பக்கத்தில் நின்றிருந்தாள். எதைச் சரியாகச் சொன்னார் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டதை மீறி நான்தான் முழுக்கதையையும் சொன்னேன்.

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் கண் கலங்கிவிட்டது. “தோத்தா தோத்துட்டுப் போறோம் டாடி. நீங்க எங்க பேரையே எழுதிடுங்க” என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

மறுவருடம் முதல் ஆட்டமே, போன இறுதி ஆட்டத்தில் அவர்களைத் தோற்கடித்த அதே சாம்பியன் அணியோடு. அப்செட் சார் மகளுடைய கல்லூரியின் பெயரை எழுதினார். அவருக்குக் கீழே நானும் அதையே எழுதினேன். அடுத்தவரும் எழுதினார். பேனா மஞ்சுநாத்திடம் போனது. பிரியாணிக்கு அவனைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. அவனும் அதையே எழுதினான். இதெல்லாம் வேண்டாமே என்று அவர் தடுக்கப் போக, “சும்னே இருங்க சார். நமக்கும் அந்தப் பொண்ணு ஜெயிக்கணும்னு இருக்காதா?” என்றான்.

ஸ்டெல்லாவின் அணி படுதோல்வி அடைந்தது. எங்களில் ஒருவர் சொன்னதுகூடப் பலிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அப்செட் சார் எங்களுக்கு முன்னால் நடந்தார். அவள் ஏதோ சொல்ல, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பஸ் நிறுத்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர்களை முந்திப் போக எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. பின்னாலேயே மெதுவாக நடந்தோம்.