சாஃப்ட்வேர் – ஒன்று

ஆஜரானவர்கள்: ஆடிட்டர் காளியப்பன். கூட்டுறவு விற்பனைச் சங்க மேனேஜர் சென்றாயன். ஸ்டோர் கீப்பர் மதலைமுத்து. பழைய இரும்பு வியாபாரி தர்மன்.

மூலையில் ஞானமேரியும் உட்கார்ந்து வழக்கம்போல நோட்டில் ஏதோ கணக்கைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயரை யாரும் எழுதவில்லை.

மதலைமுத்துவுக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. சட்டைப்பையில் பென்னாகரம் கிளைக்கு மாற்றல் உத்தரவு இருந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆறு வருடம் மனுப் போட்டு வாங்கியது. இன்றைக்கே ரிலீவிங் ஆர்டர் வாங்கி, நாளைக் காலை அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த நாற்காலிக்கு அரூர்க்காரன் ஒருவன் காத்திருக்கிறான்.

தடையாக நின்றது அந்தக் கம்ப்யூட்டர். 1976-ல் புளிக்கும் நிலக்கடலைக்கும் கணக்குப் போட சங்கம் வாங்கியது. இரண்டு பீரோவைச் சேர்த்துக் கட்டியதுபோல இருக்கும். அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே விட்டால் கணக்கு வெளியே வரும் என்பார்கள். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் மேசைமேல் வைக்கிற மாதிரி புதுசு வருகிறது. பழையதை விலை மதித்து நாளை ஏலம் விட வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ளதெல்லாம் கண்ணில் பட்டால்தான் காளியப்பன் மதலைமுத்துவை விடுவார்.

"மெஷின் ஒண்ணு."

"இருக்குதுங்க சார்."

தர்மன் அதன் பின்பக்கக் கதவைத் திறந்து கையை விட்டுத் துழாவினான். காந்தத்தை ஒட்டிப் பார்த்தான். "உள்ள செம்பு கொஞ்சம் தேறும். மத்ததெல்லாம் தகரம். கிலோ கணக்குல எடுத்துக்கறேனுங்க."

"நல்லா ஓடுற மெஷினைப் போயி தகரம்ங்கறியே?" என்றார் சென்றாயன். அவர் இந்தச் சங்கத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. "பதினோரு வருசமா ஒரு பைசா தப்பினதில்லைய்யா."

"ஓடுறதுக்கு எங்ககிட்ட வெல கெடையாதுங்க. எடைக்குத்தான்."

காளியப்பன் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "சாஃப்ட்வேர் ஒண்ணு."

மதலைமுத்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்கய்யா அது?"

மூன்று வருடத்துக்கு முன் பொறுப்பேற்றபோது அந்த வரிக்கு எதிரே 'இருக்கிறது' என்று மதலைமுத்து கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் போட்டிருந்தார். அதற்கு முன்னால் இருந்தவரும். அது என்ன பொருள் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் தமக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகும்.

மெஷின்மேல் கிடந்த துணியை உருவிக்கொண்டு வந்தார்.

"இதானுங்க சார்."

"இது தூசி உறை. அதுக்குத் தனியா ஒரு வரி இருக்குது."

ஓடிப்போய் அட்டைப் பெட்டியை இழுத்து வந்தார். "இதுங்க சார்."

"இது ஓட்டை அட்டை, நாலாயிரம். அதுவும் தனி வரி. எடுத்தது எடுத்தாச்சு, எண்ணிடுங்க."

எண்ணினார்கள். நானூறுகூடத் தேறவில்லை.

தர்மனுக்கு முகம் மலர்ந்தது. "சந்தைல உங்க புளி மூட்டையில நம்பர் எழுதி ஒரு ஓட்டை அட்டை தொங்குமே, அதுங்களா?"

"உன்னை எவன்டா கேட்டான்?" என்றார் மதலைமுத்து.

இப்போது காணாத பொருள் இரண்டு.

"ஆங், இப்பத்தான் ஞாபகம் வருதுங்க சார். சாஃப்ட்வேர் பெங்களூருக்கு ரிப்பேருக்குப் போயிருக்குது. போயி ஒரு வருசம் இருக்கும்."

காளியப்பன் வேறொரு நோட்டைப் புரட்டினார். "சாஃப்ட்வேர் பராமரிப்பு, மாசம் இருநூத்திப் பத்து ரூபாய். போன மாசம் வரைக்கும் குடுத்திருக்குது. பெங்களூர்ல கெடக்கற சாமானுக்கு இங்க என்னய்யா பராமரிப்பு?"

"எண்ணெய் போடறதுங்க சார்."

"இல்லாததுக்கா?"

மதலைமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தர்மன் உதவிக்கு வந்தான். "பாக்காமலே ஒரு வெல சொல்லட்டுங்களா? எடை என்ன இருக்குமுங்க?"

"ஒரு அம்பது கிலோ இருக்கும்" என்றார் மதலைமுத்து, வாய்க்கு வந்ததை.

மூலையில் ஞானமேரிக்குப் புரையேறியது.

"அம்பது கிலோ சாமான் வெளியே போயிருக்குது, கேட் பாஸ் இல்லை." காளியப்பன் பேனாவைத் திறந்தார். "இனி இது என் கையில இல்லைங்க. போலீசுக்குத்தான் எழுதணும்."

"சார், சார்! நாளைக்கு நான் பென்னாகரத்துல இருக்கணும் சார்."

"கெடைச்சா நாளைக்கு மெஷினோட சேர்ந்து ஏலத்துல போவும், நீங்களும் போலாம். இல்லையா, உங்ககிட்டருந்து பொறுப்பை வேற யாராச்சும் எடுத்துக்கிட்டு, சாமான் இருக்குதுன்னு கையெழுத்துப் போடட்டும். எனக்குத் தாள்ல ஒரு ஆள் இருந்தாப் போதும்."

மதலைமுத்து சென்றாயனைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"எனக்கு மட்டும் என்ன, கோழிக்குஞ்சா இருக்குது?"

"நீங்க ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்க. அதுக்கு நானுமா?"

மணி நாலரை. அஞ்சு மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போய்ச் சேர நடுச்சாமம் ஆகிவிடும். மதலைமுத்து வாசலுக்கும் மெஷினுக்குமாக நாலு தடவை நடந்தார். பீரோவுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது பெரிய கொடுமை.

"நான் எடுத்துக்கறேனுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஞானமேரி பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"யாரு இந்தம்மா? ஸ்டாஃபா?" என்றார் காளியப்பன்.

"மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதுங்க" என்றார் சென்றாயன். எதிலிருந்து வாங்குகிறாள் என்று அவருக்குத் தெரியாது. தன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் காளியப்பனும் கேட்கவில்லை.

அவள் ரிஜிஸ்டரை வாங்கி நிதானமாக எழுதினாள். 'சாஃப்ட்வேர் ஒன்று பெற்றுக்கொண்டேன். நல்ல நிலையில் வேலை செய்கிறது. ஏலத்துக்கு உரியதல்ல.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அது இல்லீங்களா எனக்கு?" என்றான் தர்மன்.

"வேலை செய்யற சாமானை விக்க எனக்கு அதிகாரம் இல்லை. புது மெஷினுக்கு வெச்சுக்கட்டும்." காளியப்பன் போலீஸ் தாளைக் கிழித்தார். அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதாக எழுதினார். ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தர்மனின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சென்றாயன் சட்டையை உதறிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

மதலைமுத்து சாவிக்கொத்தை ஞானமேரியிடம் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். படி இறங்கவும் மனசு வரவில்லை, நிற்கவும் நேரமில்லை. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம்.

"ஏம்மா, பாக்காததுக்கெல்லாம் இப்படிக் கையெழுத்துப் போடலாமா? நாளைக்கு எவனாச்சும் வந்து எங்கேன்னு கேட்டா என்ன பண்ணுவே?"

"இந்த மெஷின் வந்த மொத மாசமே நின்னுபோச்சுங்க சார்" என்றாள் அவள். "கையால கணக்குப் போட என்னை வெச்சாங்க. ஆளுக்குப் போஸ்ட் இல்லைன்னு அன்னைக்கு இருந்த மேனேஜரு சாமான் லிஸ்டுல எழுதிட்டாரு. அந்தச் சாஃப்ட்வேர் நாந்தானுங்க."

அவர் படியிறங்கியதும் பின்னால் கதவு சாத்தியது. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.